காவலிருந்த தாய்: தன்னைக் காயப்படுத்திக்கொண்ட மகளும் ஒரு குடும்பத்தின் ஒன்பது மாதங்களும்

திருப்பூரில் ஒரு தனியார் மனநல மையத்துக்கு வந்த தாய், மகள் பற்றிய பதிவு இது. நான் அங்கே மனநல சமூகப் பணியாளர். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாயும் மகளும் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தம் சொல்லி, ஒப்புதல் தந்திருக்கிறார்கள். காயங்கள் எப்படி ஏற்பட்டன என்ற விவரம் இதில் இல்லை. யாருக்கும் அது பயன்படாது, சிலருக்குக் கெடுதல் செய்யும்.

பின்னணி

தாய்க்கு 38 வயது. தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கல்யாணமான மறு வருடமே கணவரோடு திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட் என்பதால் தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. சனிக்கிழமை கைக்கு வரும். வேலை மும்முரமான மாதங்களில் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்ப்பார். காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். தந்தை சரக்கு லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. அவளுக்குக் கீழே 9 வயதில் ஒரு தம்பி.

குடியிருப்பது லைன் வீடு. வரிசையாக ஆறு குடித்தனம், பொதுவான குளியலறை, நடுவே ஒற்றைக்கல் சுவர். பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட இங்கே தெரியும். பிறகு நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உறவினர் எல்லாம் ஊரில். தாயின் தங்கை மட்டும் பல்லடத்தில் இருக்கிறார்.

சிறுமி ஒன்பதாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள். பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு ஆடி மாதத்திலிருந்து பேச்சு குறைந்தது. சாப்பாடு பாதியில் நின்றது. நெருங்கிய தோழி ஒருத்தி விலகிப்போனதையும் காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்ததையும் அவளே பின்னர் சொன்னாள். ‘வயசுக் கோளாறு’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எந்த வீட்டிலும் முதலில் அப்படித்தான் விடுவார்கள்.

தாய் கண்டது

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மகளுக்குப் பாவாடை சட்டை தைக்கத் தாய் துணி எடுத்து வந்தார். இன்ச் டேப்போடு நின்று கையை நீட்டச் சொன்னார். மகள் முழுக்கை வேண்டும் என்றாள். போன வருடம்வரை முழுக்கை என்றாலே முகம் சுளித்தவள். “அளவு எடுக்க வேண்டாம், பழைய சட்டையை வைத்துத் தை” என்று நகர்ந்தாள். இருபது வருடமாகத் துணியோடு புழங்கும் கை. ஏதோ சரியில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சட்டைக்கையை மேலே தள்ளினார். ஆறியவையும் ஆறாதவையுமாக வரிசையாகக் காயங்கள்.

முதலில் அறைந்தார். பிறகு கட்டிப்பிடித்து அழுதார். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தன என்றார். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க டி.வி.யை ஏற்றி வைத்துவிட்டு.

அடுத்த ஏழு வாரங்களில் அவர் செய்தவை பல. மகளின் போனைப் பிடுங்கிவைத்தார். வீட்டில் ஆபத்து என்று தோன்றியதையெல்லாம் சூட்கேஸில் போட்டுப் பூட்டினார். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக்கூடாது என்றார். வெளியே அவரே நின்றார். தினமும் இரவு விளக்கை அணைக்கும்முன் கையையும் காலையும் பார்த்தார். மகளுக்கும் வாசலுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்தார். ஒன்றரை ஷிப்டை விட்டார். சில நாள் வேலைக்கே போகவில்லை. காற்றுக் கருப்பு என்று ஒருவர் சொல்ல, மந்திரித்துக் கயிறு கட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குப் போய்க் குலதெய்வக் கோயிலில் கற்பூரம் ஏற்றி, தன் தலைமேல் மகளின் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்: “இனிமேல் செய்தால் அம்மா உயிரோடு இருக்க மாட்டேன்.”

கணவரிடம் “ரத்தம் கம்மியாக இருக்கிறது, அதனால்தான் சோர்வு” என்றார். மாமியார் போனில் “பெண்ணை வளர்க்கத் தெரியவில்லை” என்று சொன்னது காயத்தைப் பற்றித் தெரியாமலேயே. தெரிந்தால் என்ன சொல்வார் என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தன் தங்கையிடம்கூட.

இத்தனை காவலுக்கு நடுவிலும் காயங்கள் தொடர்ந்தன. கண்ணில் படாத இடத்துக்கு மாறின, அவ்வளவுதான்.

நவம்பர் இறுதியில் வகுப்பாசிரியை கவனித்தார். அவர் நல்லவர், தனியே அழைத்துப் பேசி, மையத்தின் முகவரி கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பள்ளி நிர்வாகம் தாயை அழைத்து, “என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல” என்று எழுதி வாங்கிக்கொண்டது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோதுதான் தன் மகள் செத்துவிடுவாள் என்று முதன்முதலாகத் தோன்றியதாகத் தாய் சொன்னார்.

முதல் சந்திப்பில் தெரியவந்தது

மகளிடம் முதலில் தனியாகப் பேசினேன். சொல்வது என்னோடு இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் பெற்றோரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்று விளக்கினேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்களும் பெற்றோரும் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் கேட்கப்பட்டதில் ஓர் ஆறுதல்தான் தெரிகிறது. “சாக வேண்டும் என்று இல்லை. சில ராத்திரி இல்லாமலே போயிருக்கலாம் என்று இருக்கும்” என்றாள். திட்டமோ தேதியோ இல்லை.

சாகும் நோக்கமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை, மேலும் ஆராய வேண்டிய தனி நிலையாக 2013-இல் வெளியான அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு குறித்தது. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. தாங்க முடியாத கொந்தளிப்பு எழும்போது காயம் சட்டென்று ஓர் ஆசுவாசத்தைத் தருகிறது. அந்த ஆசுவாசமே மறுமுறைக்கு இழுக்கிறது. பின்னால் வெட்கம் வருகிறது. வெட்கம் அடுத்த கொந்தளிப்புக்கு விறகாகிறது. ‘கவனத்தை ஈர்க்கச் செய்கிறாள்’ என்று சொல்பவர்கள், அவள் அதை மறைக்க எவ்வளவு பாடுபட்டாள் என்பதைப் பார்க்க வேண்டும். சாகும் நோக்கம் இல்லை என்பதால் அலட்சியமாகவும் இருக்க முடியாது. இப்படிச் செய்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

பேச்சின் நடுவே அவள் சொன்ன ஒன்று, சிகிச்சையின் போக்கையே தீர்மானித்தது. சத்தியம் செய்து நான்காம் நாள் அவள் அதை மீறியிருந்தாள். அந்த வாரம் அம்மாவுக்குக் கடும் தலைவலி. தூக்கமில்லாத தலைவலி என்று நமக்குத் தெரியும். மகளுக்கோ, தான் சத்தியத்தை மீறியதால் அம்மா சாகத் தொடங்கிவிட்டார். அந்தப் பயம் தாங்காமல் மறுபடி காயம், மறுபடி மீறல், அம்மாவுக்கு மறுபடி தலைவலி. வாரக்கணக்கில் ஒரு 15 வயதுப் பெண் இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள்.

அடுத்துத் தாய். உட்கார்ந்ததும் கேட்டது, “போலீஸ் கேஸ் ஆகுமா, மேடம்?” பக்கத்து வீட்டுக்காரர் பொதுவாக எதையோ பேசும்போது சொன்னதாம். ஆகாது என்றேன். உயிரை மாய்க்க முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் இல்லை. இந்தப் பெண்ணுடையது அந்தக் கணக்கிலேயே வராது. அதைக் கேட்டபின்தான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. மகள் குளியலறையில் இருக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. சோறு வைக்கும்போதும் மகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டைக்கையைப் பார்க்கிறார். கோபமும் இருந்தது, அதைச் சொல்ல வெகுநேரம் ஆனது. “எனக்கு ஏன் இப்படிச் செய்கிறாள் என்று தோன்றுகிறது. அப்படி நினைக்கிற நான் எல்லாம் ஒரு தாயா?” வேறு நாடுகளில் இத்தகைய பெற்றோரிடம் எடுக்கப்பட்ட ஆய்வுப் பேட்டிகளில் அதிகம் பேசுபவர்கள் தாய்மார்கள்தாம். குற்ற உணர்வு, வெளியே சொல்ல முடியாத வெட்கம், எதைச் சொன்னால் மறுபடி செய்வாளோ என்ற பயம், வேலையைக் குறைத்துக்கொள்வது, மற்ற பிள்ளைகள் கவனிப்பாரற்றுப் போவது என்று அங்கேயும் இவையேதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மனநல மருத்துவர் மிதமான மனச்சோர்வு என்று கணித்தார். மருந்தை உடனே தொடங்காமல் ஆறு வாரம் பேச்சுவழிச் சிகிச்சைக்குப் பின் பார்ப்பது என்று முடிவானது. ஆபத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் படிவத்தை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க அத்தகைய அளவுகோல்களை நம்பக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

முதல் வேலை சத்தியத்தை அவிழ்ப்பது. “அதெல்லாம் ஒன்றும் ஆகாது, மூடநம்பிக்கை” என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பயந்திருப்பாள். கட்டிய இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும். தாயிடம் விஷயத்தைச் சொல்ல மகள் சம்மதித்தாள். கேட்டதும் தாய் வெலவெலத்துப் போனார். ஊருக்குப் போக லீவு கிடைக்காததால், வீட்டில் குலதெய்வத்துக்கென்று வைத்திருந்த மஞ்சள் துணி முடிச்சின் முன்னால் விளக்கேற்றி, மகளை உட்கார வைத்து, “நான் வாங்கிய சத்தியத்தை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் உயிர் இவள் கையில் இல்லை” என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்ல வேண்டிய வாசகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியிருந்தோம். இரண்டாம் வரி அவருடையது. இனிமேல் செய்யவே மாட்டேன் என்ற உறுதிமொழியை நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குப் பொய் சொல்வதைத் தவிர வழி இருக்காது.

இரவுச் சோதனையில் மருத்துவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. இரண்டு வாரமாவது தொடரட்டும் என்றார் அவர். வளர்ந்த பெண்ணின் உடலைத் தினமும் சோதிப்பது அவளை மேலும் மறைக்கத்தான் பழக்கும் என்பது என் எண்ணம். நடுவே ஓர் இடத்தில் ஒத்துக்கொண்டோம். மாத்திரைகளும் ஆபத்தான பொருள்களும் பூட்டியே இருக்கும். உடல் சோதனை நிற்கும். தாழ்ப்பாள் போடலாம், பத்து நிமிடம் கழித்துக் கதவைத் தட்டினால் குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மகள்தான் பேரம் பேசி வாங்கினாள். தாய் ஐந்தில் தொடங்கியிருந்தார்.

மகளுக்குக் கற்பித்தவை டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சை முறையைச் சேர்ந்தவை: கொந்தளிப்பு ஏறும்போதே இனம் காண்பது, முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்வது, மூச்சை மெதுவாக வெளிவிடுவது, சித்திக்குப் போன் செய்வது. இந்த முறையை வகுத்த மார்ஷா லினஹன், தானும் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்தான் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னவர். இதைக் கேட்டபோதுதான் சிறுமி முதன்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “இப்போது அவருக்குச் சரியாகிவிட்டதா?”

தாய்க்குத் தனியாக நேரம் ஒதுக்கினோம். அதில் பாதி அவருடைய தூக்கத்துக்கும் பயத்துக்கும்; மீதி, காயத்தைப் பார்த்த முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதற்கு. ஏன் செய்தாய் என்று அப்போது கேட்பதில்லை. “வா பாப்பா, கழுவிக் கட்டுவோம்” என்பதோடு சரி. ஆழமான காயம் என்றால் மருத்துவமனை. பேச்சு மறுநாள், நடந்துகொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ. முகத்துக்கு முகம் உட்கார வைத்து விசாரிப்பதைவிடப் பக்கவாட்டில் நின்று பேசுவது பதின்வயதினரிடம் எளிதாக நடக்கிறது. நள்ளிரவில் தாயே தாங்க முடியாமல் போனால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தந்தையிடம் சொல்வது என்பதும் முடிவானது. மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்: போனில் சொல்லக் கூடாது.

பின்னர் நடந்தவை

தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வந்தார். முதலில் மனைவியைப் பார்த்துக் கத்தினார், “என்னிடம் ஏன் மறைத்தாய்?” பத்து நிமிடம் அதுவே. கத்தி முடித்தபின் கேட்டது வேறு: “நான் போனில் மார்க்கைப் பற்றித் திட்டியதாலா?” அதனால் மட்டும் இல்லை, அதுவும் ஒன்று என்று மகளே பதில் சொன்னாள். அன்றிலிருந்து அவர் ஊரில் இருக்கும் இரண்டு இரவும் காவல் அவர் பொறுப்பு. தாய் அந்த இரவுகளில் தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்கினார். கணவர் வீட்டில் இருக்கும்போது பெண்டாட்டி வேறு வீட்டில் தூங்குவதா என்று லைன் வீட்டில் பேச்சு எழத்தான் செய்தது. மகளின் உடம்புக்கு இது தேவை என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

ஜனவரியில் முதல் திருப்புதல் தேர்வு முடிந்த அன்று மறுபடி காயம். இம்முறை மகளே வந்து சொன்னாள். தாய் கழுவினார், கட்டினார், பால் ஆற்றிக் கொடுத்தார், ஏன் என்று கேட்கவில்லை. பிறகு மொட்டை மாடிப் படியில் போய் உட்கார்ந்து 14416-க்குப் போன் செய்து அரை மணி நேரம் அழுதிருக்கிறார். அந்த வாரம் மையத்துக்கு வந்து, “எல்லாம் வீண்தானே” என்றார். மறைத்துவந்தவள் தானாக வந்து காட்டியிருக்கிறாள். இது சறுக்கல் மட்டும் அல்ல என்பதை அவர் ஏற்றுக்கொள்ள இன்னும் சில வாரங்கள் ஆயின.

மனச்சோர்வு போதுமான அளவு குறையாததால் ஆறாம் வாரத்துக்குப் பின் மருத்துவர் ஃப்ளூவாக்ஸிடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார். மாத்திரை பழகிப்போகும் என்ற பயம் தாய்க்கு. பழகிப்போகும் வகை மருந்து இது அல்ல, ஆனால் தானாக நிறுத்தக் கூடாது என்று விளக்கினார். இளவயதினருக்கு இத்தகைய மருந்துகள் தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரித்ததால், முதல் மாதம் வாரந்தோறும் வரச் சொன்னார்.

தம்பியைப் பற்றி அதுவரை யாரும் நினைக்கவில்லை. பிப்ரவரியில் அவனுடைய பள்ளிப் பைக்குள் வீட்டுச் சாமான்கள் சில கிடைத்தன. அக்காவுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அவனாகவே தினமும் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறான். 9 வயதில் அவனும் காவலுக்கு நின்றிருந்தான். “அக்காவுக்கு மனசு வலிக்கிறது, டாக்டர் பார்க்கிறார், பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை” என்று அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொன்னார்கள்.

பொதுத்தேர்வை எழுதினாள். மே மாதம் முடிவு வந்த வாரத்தில் ஒரு முறை காயம். அதற்குப் பிறகு, ஒன்பதாம் மாதச் சந்திப்பு வரை இல்லை. மனச்சோர்வு நன்கு குறைந்திருந்தது, மருந்து தொடர்ந்தது. பதினொன்றாம் வகுப்பை வேறு பள்ளியில் சேர்ந்து படிக்கிறாள். தாய் ஒற்றை ஷிப்டோடு நிறுத்திக்கொண்டார். வருமானம் குறைந்தது, அதைச் சமாளிக்க, கட்டிவந்த சீட்டு ஒன்றைத் தள்ளி எடுத்தார்கள். இரவில் ஆறு மணி நேரம் தூங்குகிறார். தண்ணீர்ச் சத்தம் நின்றால் இன்னும் காது அங்கேதான் போகிறது என்கிறார். அது இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

இனி மாற வேண்டியவை

தாயின் தூக்கமும் வேலையும் முதல் நாளே விசாரிக்கப்பட வேண்டும். எங்கள் பதிவுப் படிவத்தில் இப்போது அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் பற்றிய கேள்வியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சத்தியம், நேர்த்தி, கயிறு பற்றி நாங்களே கேட்கிறோம். கேலி செய்யப்படுவோம் என்ற பயத்தில் குடும்பங்கள் தாமாகச் சொல்வதில்லை.

பள்ளிகள் எழுதி வாங்கும் அந்தத் தாள் போக வேண்டும். அது பள்ளியைக் காப்பாற்றுமா என்பதே சந்தேகம். தாயை மேலும் தனியாக்கும் என்பது நிச்சயம். காயத்தைப் பார்த்த ஆசிரியர் வகுப்பில் விசாரிக்காமல் தனியே பேசி, பெற்றோரை ஒரு சிகிச்சை இடத்தோடு இணைத்துவிட்டால் போதும். அந்த வகுப்பாசிரியை அதைத்தான் செய்தார்.

இன்னொன்று காசு சம்பந்தப்பட்டது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு சந்திப்பும் அரை நாள் கூலி. பகல் நேரத்தில் மட்டும் இயங்கும் சிகிச்சை, இந்த ஊரில் பாதிப் பேருக்கு எட்டாத சிகிச்சை. மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிறு காலையிலும் நேரம் கொடுக்கத் தொடங்கியபின், தவறவிடும் தாய்மார்கள் குறைந்திருக்கிறார்கள்; தந்தையர் சிலரும் வருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் செலவில்லாமல் பார்க்கலாம், ஆனால் அங்கும் புறநோயாளிப் பிரிவு காலை நேரத்தில்தான் என்பதால் கம்பெனியில் அனுமதி வாங்க ஒரு கடிதம் தருகிறோம். அதில் நோயின் பெயர் எழுதுவதில்லை. இரவில் அவசரம் என்றால் 14416. சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.